சராசரியை எப்போது எடுப்பது? மயிலாப்பூர் முதல் புரூக்ஹேவன் வரை ஒரு கணக்கின் கதை

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. முகப்பேரில் எங்கள் அபார்ட்மென்ட்டில் எல்லோரும் தூங்கியாச்சு. நான் மட்டும் ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்து இரண்டு தங்க அணுக்கருக்களை மோதவிட்டுக் கொண்டிருந்தேன்.

பயப்பட வேண்டாம், பைத்தான் நிரலில்தான். இதற்கு 'மான்டே கார்லோ கிளாபர்' என்று பெயர். விஷயம் எளிமையானது. ஒரு தங்க அணுக்கருவில் புரோட்டானும் நியூட்ரானுமாக 197 நியூக்ளியான்கள். அவற்றை 197 கோலிக்குண்டுகள் என்று வைத்துக்கொண்டு, ஒரு உருண்டைக்குள் குத்துமதிப்பாகத் தூவ வேண்டும். இன்னொரு உருண்டையையும் அதேபோலத் தூவி, இரண்டையும் நேருக்கு நேர் அனுப்ப வேண்டும். எதிரெதிரே வரும் இரண்டு கோலிகளின் குறுக்குத் தொலைவு சுமார் 1.16 ஃபெர்மிக்குள் இருந்தால் 'மோதியது' என்று கணக்கு. (ஒரு ஃபெர்மி என்பது ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடியால் வகுத்தால் கிடைப்பது.) மோதிய கோலிகள் எல்லாம் சேர்ந்து என்ன வடிவத்தில் கிடக்கின்றன என்று மேலிருந்து பார்த்தால் அதுதான் தொடக்க நிலை. அதற்கப்புறம் நடக்கும் எல்லாமே அங்கிருந்துதான் கிளம்புகிறது.

பத்தாயிரம் மோதல் ஓட்டினேன். வட்டத்திலிருந்து எவ்வளவு கோணலாக இருக்கிறது என்பதற்கு ஒரு எண் உண்டு; சரியான வட்டம் என்றால் 0, ஒரே கோடாக நசுங்கிவிட்டால் 1. எனக்கு வந்த விடை கிட்டத்தட்ட பூஜ்ஜியம். நேருக்கு நேர் மோதல்தானே, வட்டம் வருவது நியாயம்தான் என்று தோன்றியது. ஆனால் நான் படித்த ஆய்வுக்கட்டுரைகளில் அது பூஜ்ஜியம் இல்லை. எங்கேயோ தப்பு.

ஒரு மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தேன். பத்தாயிரம் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, சராசரிப் படம் எடுத்து, அந்த ஒரு படத்தின் கோணலை அளந்திருக்கிறேன். அளக்க வேண்டியது ஒவ்வொரு படத்தின் கோணலையும். சராசரி எடுக்க வேண்டியது அதற்குப் பிறகு. இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். விடை 0.06 அளவுக்கு வந்தது. தங்கத்துக்குப் பதில் 63 கோலிகள் கொண்ட செம்பைப் போட்டால் 0.1 பக்கம் வந்தது.

ஆபீசில் இதே தப்பை வேறு உருவத்தில் பார்த்திருக்கிறேன். டாஷ்போர்டில் சராசரி ரெஸ்பான்ஸ் டைம் அழகாக இருக்கும். போனில் ஒரு வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருப்பார். எனக்கு இது ஒரு ராத்திரி வேலை. இயற்பியலுக்கு இந்த இரண்டு வரிகளை இடம் மாற்றப் பல வருடங்கள் ஆகியிருக்கின்றன. அந்தக் கதையின் ஒரு முனை நம்ம மெட்ராசில் இருக்கிறது என்பதுதான் என்னை எழுத வைத்தது.

பார்க்கவே முடியாத கணம்

முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் புரூக்ஹேவன் ஆய்வகம் இருக்கிறது. அங்கே ரிக் என்ற மோதுகருவி 2000-இல் வேலையைத் தொடங்கியது. அதன் உச்ச வேகத்தில் ஓடும் தங்க அணுக்கரு, சார்பியல் விதிப்படி, நம் பார்வையில் ஓடும் திசையில் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். உருண்டை அப்பளமாகிவிடுகிறது. இரண்டு அப்பளங்கள் ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்துபோகின்றன. நடுவில் குவார்க்குகளும் குளுவான்களும் கலந்த கொதிக்கும் குழம்பு மிஞ்சுகிறது. பிறகு அது ஆறி, ஆயிரக்கணக்கான துகள்களாகச் சிதறிக் கருவிகளில் விழுகிறது.

ஒளி ஒரு ஃபெர்மி தூரத்தைக் கடக்க ஆகும் நேரம் இருக்கிறதே, குழம்பு திரவம்போல ஓடத் தொடங்குவதற்கு ஏறக்குறைய அவ்வளவு நேரமே ஆகிறது. 3.3 வினாடியை, ஒன்றுக்குப் பின்னால் 24 பூஜ்ஜியம் போட்ட எண்ணால் வகுத்துப் பாருங்கள். எந்தக் கேமராவுக்கும் அது சிக்காது. நம் கையில் இருப்பது கடைசியில் வந்து விழும் துகள்களின் பட்டியல் மட்டும். சர்வர் விழுந்த பிறகு லாக் ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு, முதல் மில்லிசெகண்டில் என்ன நடந்தது என்று ஊகிப்பது மாதிரி.

இந்தக் கேள்வி மோதுகருவிகளுக்கு முந்தியது. 1940, 50-களில் அவ்வளவு ஆற்றலுள்ள மோதல்கள் வானத்தில்தான் கிடைத்தன. காஸ்மிக் கதிர் ஒன்று காற்றிலுள்ள அணுக்கருவில் மோதும். ஒரே அடியில் ஒரு கொத்து மேசான்கள் பிறக்கும். எப்படி? 1950-இல் என்ரிக்கோ ஃபெர்மி ஒரு துணிச்சலான மாதிரி சொன்னார்: மோதும் இரண்டு நியூக்ளியான்களின் ஆற்றல் முழுக்க அந்தச் சுருங்கிய சின்னக் கன அளவுக்குள் கொட்டப்பட்டு, சட்டென்று சமநிலைக்கு வந்துவிடும்; மீதி எல்லாம் புள்ளியியல். 1953-இல் ரஷ்யாவின் லாண்டாவ் அதைத் திருத்தி, அந்தக் குழம்பு உடனே துகள்களாக உடையாது, முதலில் திரவம்போல விரியும் என்றார்.

அதே 1953-இல் மூன்றாவது குரல் ஒன்று இந்தியாவிலிருந்து. ஹோமி பாபா லண்டன் ராயல் சொசைட்டி இதழில் மேசான் உற்பத்தி பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரை அது. மோதும் நியூக்ளியான் முழுசும் ஒரே கட்டி அல்ல, அதன் புலத்தின் ஆற்றல் இடத்துக்கு இடம் பரவிக் கிடக்கிறது. ஆகவே எந்தப் பகுதி எந்தப் பகுதியின்மேல் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பது அதன் போக்கு. பாபாவை நாம் அணுசக்தி நிர்வாகியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த வருடங்களில் அவர் மோதலின் முதல் கணத்தைப் பற்றி யோசித்துக் கொண்டிருந்தவர்.

அல்லாடி ராமகிருஷ்ணனும் ஜோடிக் கணக்கும்

இப்போது மெட்ராசுக்கு வருவோம். அதற்கு 1937-இலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வருடம் பாபாவும் வால்டர் ஹைட்லரும் காஸ்மிக் கதிர்ப் பொழிவுக்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். வேகமான எலக்ட்ரான் ஒரு ஃபோட்டானைக் கக்கும். அந்த ஃபோட்டான் எலக்ட்ரான், பாசிட்ரான் ஜோடியாகப் பிரியும். அவை மறுபடியும் ஃபோட்டானைக் கக்கும். ஒன்று பலவாகும். சராசரியாக எத்தனை துகள் என்பதை அவர்களால் கணக்கிட முடிந்தது. சராசரியைச் சுற்றி எவ்வளவு ஏறி இறங்கும்? அதற்கு வழக்கமான பாய்சான் பரவலை எடுத்துக்கொண்டார்கள். துகள்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வந்தால் அது சரி. ஆனால் இவை எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்! தொடக்கத்தில் ஒரு கிளை கொஞ்சம் தாமதித்தால் அதன் வம்சமே குறைந்துவிடும். அதே வருடம் வெண்டல் ஃபர்ரி வேறொரு எளிய மாதிரி போட்டார். அதில் சராசரி 100 துகள் என்றால் ஏற்ற இறக்கமும் ஏறத்தாழ 100. பாய்சானில் அது வெறும் 10. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கே?

இந்தப் புதிரைப் பாபாவிடமிருந்து எடுத்துக்கொண்டவர் அல்லாடி ராமகிருஷ்ணன். அரசியலமைப்பு வரைவுக்குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன். 1940-களின் இறுதியில் டாடா ஆய்வு நிறுவனத்தில் பாபாவோடு வேலை செய்தார், பிறகு மான்செஸ்டரில் புள்ளியியலாளர் பார்ட்லெட்டிடம் பிஎச்.டி. முடித்தார். 1950-இல் அவர் கேம்பிரிட்ஜ் இதழில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில்தான் 'ப்ராடக்ட் டென்சிட்டி' என்ற கருத்து வருகிறது. பொழிவில் துகள் எண்ணிக்கையின் விலக்கத்தைப் பற்றிப் பாபாவும் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையும் அதே வருடம்தான்.

என்ன அது? நம்ம பாஷையில் சொல்கிறேன். ஒரு டேபிளில் துகள்கள் வரிசையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த ஆற்றலில் சராசரியாக எத்தனை துகள்' என்று கேட்டால் அது முதல் வகை அடர்த்தி. அந்த டேபிளை அதனோடேயே ஜாயின் செய்து, ஒரு வரி தன்னோடு தானே சேர்வதை மட்டும் நீக்கிவிட்டு, 'இந்த ஆற்றலில் ஒன்றும் அந்த ஆற்றலில் இன்னொன்றும் ஒரே பொழிவில் சேர்ந்து வரும் ஜோடிகள் எத்தனை' என்று கேட்டால் அது இரண்டாம் வகை. துகள்களுக்குள் உறவில்லை என்றால் இரண்டாவது, முதலாவதின் வெறும் பெருக்கல். உறவு இருந்தால் அப்படி இருக்காது. அந்த வித்தியாசத்தில்தான் ஏற்ற இறக்கம் முழுக்க ஒளிந்திருக்கிறது. சராசரி மறைப்பதை ஜோடி காட்டிக்கொடுத்துவிடும்.

ராமகிருஷ்ணன் மெட்ராஸ் திரும்பி, மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே கோட்பாட்டு இயற்பியல் செமினார் நடத்தினார். 1960-இல் நீல்ஸ் போர் அந்த வீட்டுக்கு வந்து போனார். அந்தச் செமினாரின் தொடர்ச்சிதான் 1962 ஜனவரி 3-இல் தொடங்கிய மேட்சயின்ஸ். இன்று தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் என்ற பெயரில் இருப்பது அதுதான்.

தொடக்கம் மாறினால் விடையும் மாறும்

நாற்பது, ஐம்பது வருடம் தாவுவோம். 2005 ஏப்ரலில் புரூக்ஹேவன் ஒரு அறிவிப்பு வெளியிட்டது: தங்க மோதலில் பிறக்கும் குழம்பு வாயுபோல இல்லை, கிட்டத்தட்ட உராய்வே இல்லாத திரவம்போல ஓடுகிறது. எப்படித் தெரிந்தது? பக்கவாட்டில் இடித்துக்கொள்ளும் இரண்டு அணுக்கருக்களின் பொதுப்பகுதி பாதாம்பருப்பு மாதிரி இருக்கும். ஒல்லியான திசையில் அழுத்தம் செங்குத்தாகச் சரிவதால், அந்தத் திசையில் துகள்கள் அதிகம் பறக்கும். இடவடிவத்தில் இருந்த கோணல் ஓட்டத்தின் கோணலாக மாறுகிறது. திரவத்துக்குப் பாகுநிலை அதிகமென்றால் இந்த மாற்றம் மழுங்கிவிடும், மழுங்கவில்லை.

இங்கேதான் சிக்கல். கருவி அளப்பது கடைசிக் கோணலை. நமக்குத் தெரிய வேண்டியது பாகுநிலை. இரண்டுக்கும் நடுவில் தொடக்கக் கோணல் என்ற இன்னொரு தெரியாத எண். ஒரு சமன்பாடு, இரண்டு தெரியாதவை. 2008-இல் லூசுமும் ரோமாட்ஷ்கேயும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கோலிக்குண்டு மாதிரியை வைத்துத் தொடங்கினால், பாகுநிலைக்கும் என்ட்ரோபி அடர்த்திக்கும் உள்ள விகிதம், இயற்கை அலகுகளில், சுமார் 0.08 வருகிறது. குளுவான் நெரிசலை வைத்து உருவாக்கிய இன்னொரு தொடக்க நிலையை வைத்தால் 0.16. அதே சோதனைத் தரவு, அதே திரவச் சமன்பாடு. தொடக்கத்தைப் பற்றிய ஊகம் மட்டும் வேறு. விடை இரண்டு மடங்கு. 'இயற்கையிலேயே மிகச் சரியான திரவம்' என்ற பட்டமே யாரும் பார்க்காத அந்த முதல் கணத்தைப் பொறுத்து ஆடிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் செம்பு ஒரு குண்டைப் போட்டிருந்தது. 2005-இல் ரிக்கில் செம்போடு செம்பை மோதவிட்டார்கள். சராசரி வடிவத்தை வைத்துப் பார்த்தால் நேர் மோதலில் கோணலே இருக்கக்கூடாது. ஃபோபோஸ் குழு அளந்ததோ கணிசமாக இருந்தது. விளக்கம் என் இரண்டு வரிகள்தான்: ஒவ்வொரு மோதலிலும் கோலிகள் வெவ்வேறு இடத்தில் கிடக்கின்றன, கோலி குறைய குறையக் கோணல் கூடும், அதை மோதலுக்கு மோதல் அளந்து பிறகுதான் சராசரி எடுக்க வேண்டும். பிரேசில் குழு ஒன்று இதற்கு முன்பே, மோதலுக்கு மோதல் தனித்தனியாகத் திரவக் கணக்கை ஓட்டிக்கொண்டிருந்தது. அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

2006-இல் மும்பை டாடா நிறுவனத்தின் ராஜீவ் பலேராவும் பிரான்சின் ஜான்-ஈவ் ஒல்லித்ரோவும் ஒரு முக்கியமான விஷயத்தைத் தெளிவாக்கினார்கள். ஒவ்வொரு மோதலிலும் கோணல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. ஆகவே ஒற்றைத் துகளின் திசையைச் சராசரி எடுத்தால் பூஜ்ஜியம். இரண்டு துகள்களுக்கு நடுவிலுள்ள கோணத்தை எடுத்தால் அந்தத் தெரியாத திசை கழிந்துபோய்விடும். ஜோடிக் கணக்கு! அந்த ஜோடிக் கணக்கு கோணலின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே பிடிக்கிறது. நான்கு துகள்களைச் சேர்த்து எடுத்தால் அதே ஏற்ற இறக்கம் வேறு விதமாகப் பதிவாகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் கணத்தில் கோலிகள் எவ்வளவு தாறுமாறாகக் கிடந்தன என்பதை அளந்துவிடலாம்.

2010-இல் ஆல்வரும் ரோலண்டும் அடுத்த படியைச் சொன்னார்கள்: கோலிகள் தாறுமாறாகக் கிடந்தால் நீள்வட்டம் மட்டுமா வரும்? முக்கோணமும் வரும்! சராசரிப் படத்தில் முக்கோணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தரவில் அது பல வருடமாக வேறு பெயரில் உட்கார்ந்திருந்தது. முக்கோணம் கிடைத்ததும் இரண்டாவது சமன்பாடு கிடைத்துவிட்டது.

கண்ணாடி என்ற பெயர்

இன்னொரு சரடு பாக்கி. 1994-இல் லாரி மெக்லெரனும் ராஜு வேணுகோபாலனும் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். அவ்வளவு வேகத்தில் ஓடும் அணுக்கருவுக்குள் குளுவான்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அந்த அளவுக்கு எண்ணிக்கை கூடினால் அவற்றைத் தனித்தனித் துகளாகப் பார்க்காமல் ஒரு புலமாகவே கருதலாம். அந்தப் புலத்தை உண்டாக்கும் வேகமான துகள்களோ, காலம் நீள்வதால், மோதல் நடக்கும் அந்தக் கணத்தில் உறைந்துபோனதுபோல நிற்கின்றன. எப்படி உறைந்திருக்கும் என்பது ஒவ்வொரு முறையும் தாயம் உருட்டுகிற மாதிரி. தாயத்தை உருட்டி, கிடைத்த அமைப்புக்குப் புலத்தைக் கணக்கிட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் சராசரி. இந்தக் கருத்திலிருந்து வளர்ந்ததற்குத்தான் 'கலர் கிளாஸ் கண்டென்சேட்' என்று பெயர். கிளாஸ் வந்த காரணமும் இதுதான்: கண்ணாடியும் தாறுமாறாக உறைந்து நிற்பது. சராசரி கடைசியில்தான் என்ற ஒழுங்கு இந்த மாதிரியின் அஸ்திவாரத்திலேயே இருக்கிறது. ஆனாலும் அதை முழு வீச்சில் மோதலுக்கு மோதல் ஓட்ட 2012 ஆகிவிட்டது. அந்த வருடம் பியோர்ன் ஷெங்கே, வேணுகோபாலன் இருவரோடும் சேர்ந்து அந்த நிரலைக் கொண்டுவந்த பிரித்விஷ் திரிபேதி, கொல்கத்தா சைக்ளோட்ரான் மையத்தைச் சேர்ந்தவர். நியூக்ளியான்களின் இடமும் உருட்டல், அவற்றுக்குள் நிற மின்னூட்டமும் உருட்டல். அடுத்த வருடம் அதைத் திரவக் கணக்கோடு இணைத்தபோது அந்தப் பாகுநிலை விகிதம் ரிக்குக்கு 0.12, ஜெனீவா மோதுகருவிக்கு 0.2 என்று வந்தது. அதைவிட முக்கியம், சராசரிக் கோணல் மட்டுமல்ல, மோதலுக்கு மோதல் அது எப்படி மாறுகிறது என்ற முழுப் பரவலும் தரவோடு பொருந்தியது.

மயிலாப்பூரிலிருந்து புரூக்ஹேவனுக்கு நேர்கோடு போட்டு 'நாங்க அப்பவே' என்று பெருமை பேச இதை எழுதவில்லை. அப்படிக் கோடு போட்டால் அது வரலாறு ஆகாது. ராமகிருஷ்ணன் எண்ணியது எலக்ட்ரான் பொழிவை. ரிக்கில் எண்ணியது வேறு. ஆனால் அந்தக் கருவிகள் அளந்த இரு-துகள் அடர்த்தியின் கணித உருவமும், 1950-இல் அவர் எழுதிய இரண்டாம் வகை அடர்த்தியின் உருவமும் ஒன்றுதான். காரணமும் ஒன்றுதான். தொடக்கம் கண்ணுக்குத் தெரியாது, ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும், சராசரி அதை அழித்துவிடும் என்ற நிலை வந்தால், யாராக இருந்தாலும் ஜோடியைத்தான் எண்ணியாக வேண்டும்.

பொழிவு ஆராய்ச்சியும் இன்னும் தமிழ்நாட்டைவிட்டுப் போகவில்லை. ஊட்டியில் 2,200 மீட்டர் உயரத்தில் கிரேப்ஸ்-3 இருக்கிறது. அதன் மியூவான் தொலைநோக்கியில் உள்ள 3,712 இரும்புக் குழாய்களும் கோலார் தங்கவயலில் புரோட்டான் சிதைவைத் தேடிய சோதனையிலிருந்து வந்தவை. வானத்திலிருந்து வந்தது புரோட்டானா இரும்பு அணுக்கருவா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும் என்றால், மேலே நடந்த முதல் மோதலுக்கு ஒரு மாதிரி வேண்டும். அங்கேயும் தொடக்கத்தை ஊகித்துத்தான் முடிவைப் படிக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலையில் பிளஸ் டூ படிக்கும் என் மகள் திரையில் இருந்த படங்களைப் பார்த்தாள். "ஏன்ப்பா ஒண்ணுகூட ரவுண்டா இல்ல?" என்று கேட்டாள். பத்தாயிரத்தையும் அடுக்கின பழைய படத்தையும் காட்டினேன். அழகான வட்டம். "இது எந்த மோதல்?" என்றாள். எந்த மோதலும் இல்லை என்றேன்.

2025 ஜூலையில் ஜெனீவாவில் ஆக்சிஜனோடு ஆக்சிஜனை மோதவிட்டார்கள். வெறும் 16 கோலி. அவை தன்னிஷ்டத்துக்குக் கிடக்கின்றனவா, நான்கு நான்காகக் கொத்துச் சேர்ந்து நிற்கின்றனவா என்பது ஒரு பெரிய கேள்வி. இந்த வாரக்கடைசிக்கு அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். சராசரி எடுக்கும் வரி இந்தத் தடவை கடைசியில் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டேன்.